நெடுமொழியும் வாய்ச்சவடாலும்: திரையிலும் விளையாட்டரங்கிலும் தற்புகழ்வோர்

முன்னுரை

தன்னைத் தானே புகழ்ந்து பேசுபவரைச் சுட்டுவதற்கு இன்றைய பேச்சுத்தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சவடால், பீற்றல், ஜம்பம், தம்பட்டம், அலட்டல், திமிர், வாய்க்கொழுப்பு என அவை நீளும். மலேசியத் தமிழர் இவற்றோடு சோம்போங் என்னும் மலாய்ச் சொல்லையும் சேர்த்து வழங்குகின்றனர். இவை அனைத்தும் வசைச்சொற்களாக இருப்பது நோக்கத்தக்கது. தற்புகழ்ச்சியைப் பழிக்காமல், அது இன்ன சூழலில் இன்னார் முன் நிகழ்ந்தது என்று மட்டும் கூறுவதற்கு மக்கள் வழக்கில் ஒரு சொல்லும் எஞ்சவில்லை. பழந்தமிழில் அத்தகைய சொல் இருந்தது. நெடுமொழி என்பது அது. இலக்கண நூல்களிலும் தேர்வுத்தாள்களிலும் மட்டும் அது இன்று வாழ்கிறது. அதன் இடத்தைத் திரையுலகம் தந்த 'பஞ்ச் டயலாக்' என்னும் தொடர் பிடித்துக்கொண்டது.

இச்சொல்மாற்றத்தின் பின்னணியில் ஒரு மதிப்பீட்டு மாற்றமும் நிகழ்ந்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை இதற்குக் களமாகக் கொள்வது தற்செயலானதன்று. துன் சம்பந்தன் சாலைக் கடைகளில் ஒளிநாடாவாகவும் பின்னர்க் குறுந்தகடாகவும் விற்பனையான சென்னைத் திரைப்படங்களே இந்நாட்டுத் தமிழ் இளைஞரின் பேச்சு நடையைப் பெரிதும் உருவாக்கின. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மெர்டேக்கா விளையாட்டரங்கில்தான் கடந்த நூற்றாண்டின் மிகப் பெயர்பெற்ற தற்புகழ்ச்சிக்காரர் ஒருவர் 1975ஆம் ஆண்டு குத்துச்சண்டையிட்டார். திரையில் பேசியவரையும் அரங்கில் பேசியவரையும் ஒருசேர வைத்து நோக்கினால் சில உண்மைகள் புலப்படும்.

இலக்கணம் வகுத்த இடங்கள்

தமிழ் மரபு அடக்கத்தையே போற்றியது என்று மேடைதோறும் கூறப்படுகிறது. இது பாதி உண்மை. ஒருவன் எக்காலத்தும் தன்னை வியத்தல் கூடாது என்று குற்றங்கடிதல் அதிகாரத்தில் கூறும் வள்ளுவரே, படைச்செருக்கு அதிகாரத்தின் முதற்குறளில் பகைவர் முன் நின்று தன் தலைவனின் ஆற்றலை நெடுமொழியாக முழங்கும் வீரனைக் காட்டுகிறார். இவ்விரண்டையும் முரண் என்று கொள்வது பொருந்தாது. முன்னது இயல்பாகிவிட்ட மனநிலையைப் பற்றியது. பின்னது ஒரு களத்தில், ஓர் எதிரியின் முன், ஒரு பொழுதில் நிகழும் சொல்லைப் பற்றியது.

தொல்காப்பியம் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டைக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கன்வழித் தோன்றுவதாகக் கூறும். புறப்பொருள் வெண்பாமாலை கரந்தைப் படலத்தில் நெடுமொழி கூறல் என்றும், வஞ்சிப் படலத்தில் நெடுமொழி வஞ்சி என்றும் துறைகளை வகுக்கிறது. முன்னதில் வீரன் தன் மேம்பாட்டைத் தன் அரசனிடம் உரைக்கிறான். பின்னதில் பகைவர் படையை நெருங்கி நின்று உரைக்கிறான். கேட்போர் மாறினால் துறையும் மாறுகிறது.

இதனினும் நுட்பமானது நன்னூல் பாயிரப் பகுதி. எத்துணைப் பெரிய நூலை இயற்றினாலும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று கூறும் பவணந்தி முனிவர், அடுத்த நூற்பாவிலேயே அதற்கு நான்கு விலக்குகளைத் தருகிறார். அரசவைக்கு ஓலை வரையும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். (பாயிரத்தைப் பிறரே எழுத வேண்டும் என்பதற்காக எழுந்த விதி இது. இன்று நூலின் பின்னட்டையில் தம்மைப் பற்றிய குறிப்பைப் படர்க்கையில் தாமே எழுதிக்கொள்ளும் நமக்கு அந்நூற்பா சற்றுச் சங்கடம் தரக்கூடியது.) ஒருவன் எவ்வளவு புகழ்ந்துகொண்டான் என்று நன்னூல் அளக்கவில்லை. எவ்விடத்தில், எவர் முன், எதன்பொருட்டு என்றே வினவுகிறது.

வஞ்சினம் இவற்றினும் ஒரு படி மேலானது. புறநானூற்றின் 71, 72, 73ஆம் பாடல்கள் மூன்றும் அரசரே பாடிய வஞ்சினங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் தன்னை எள்ளிய பகைவரை வெல்லேனாயின் தன் குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றுக என்கிறான். மாங்குடி மருதன் தலைமையிலான புலவர் தன் நாட்டைப் பாடாது ஒழிக என்கிறான். இரப்போர்க்கு ஈயவியலாத வறுமை தன்னை அடைக என்றும் கூறுகிறான். இங்கே தற்புகழ்ச்சி என்று கொள்ளத்தக்க பகுதி மிகக் குறைவு. பாடலின் பெரும்பகுதி பணயம் பற்றியது. தோற்றால் எதை இழப்பேன் என்பதை ஊரறியச் சொல்லுதலே வஞ்சினத்தின் உயிர்நிலை.

திரையின் இரு கூறுகள்

இப்பின்னணியில் தமிழ்த் திரைப்படத்தை நோக்கினால், தற்புகழ்வோன் இரண்டாகப் பிளக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு பாதி கதைத்தலைவனாயிற்று. மறுபாதி நகைச்சுவையாளனாயிற்று.

தலைவனின் பேச்சு தொடக்கத்தில் நெடுமொழிக்கு நெருக்கமாகவே இருந்தது. 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தில் ஜாக்சன் துரையின் முன் கட்டபொம்மன் பேசும் வசனம் தன் ஆற்றலை அறியாத வேற்றவனிடம் உரைக்கப்படுவது. அவனுடைய முடிவு தூக்குமரம் என்பது பார்வையாளர் அனைவரும் முன்பே அறிந்தது. எனவே அச்சொல்லுக்கு விலை இருந்தது. 1990களில் வந்த தலைவனுக்கு இந்நிலை இல்லை. 'அண்ணாமலை' (1992) நண்பனிடம் இடும் சூளுரையில் வஞ்சினத்தின் வடிவம் உண்டு. ஆயினும் அவன் தோற்கக்கூடும் என்று அரங்கிலுள்ள எவரும் ஒரு கணமும் ஐயுறுவதில்லை. 'பாட்ஷா' (1995) இன்னொரு வழியைக் கண்டது. அதில் தலைவன் பெரும்பகுதி அடங்கியே இருக்கிறான். அவன் பெருமையைப் பிறர் அச்சத்தோடு பேசுகின்றனர். அடக்கம், புகழ் ஆகிய இரண்டின் இன்பத்தையும் ஒருங்கே தரும் இவ்வுத்தி மிகுந்த வெற்றி பெற்றதில் வியப்பில்லை. எவ்வாறாயினும், நிறைவேறுவது உறுதியான சொல்லில் பணயம் இல்லை. பணயம் இல்லாத வஞ்சினம் விளம்பரத்தின் தன்மையை அடைகிறது.

மறுபாதியை வடிவேலுவின் பாத்திரங்களில் காண்கிறோம். 'வின்னர்' (2003) கைப்புள்ள, 'தலைநகரம்' (2006) நாய் சேகர், 'எல்லாம் அவன் செயல்' (2008) வண்டுமுருகன் ஆகியோர் தம்மை வீரராகவும் மேதையராகவும் அறிவித்துக்கொண்டு, அடுத்த காட்சியிலேயே அடிபடுகின்றனர். தலைவனின் சொல் எப்போதும் பலிக்க வேண்டும் என்பது எத்துணை உறுதியோ, அத்துணை உறுதி இவர்களின் சொல் பலிக்கக்கூடாது என்பதும். இங்கும் பணயம் இல்லை.

இப்பாத்திரங்களை வெறும் கேலிக்குரியவை என்று தள்ளுவது நேர்மையாகாது. கைப்புள்ளயின் நடை, உடை, தோள் அசைவு ஆகியவை யாவும் கதைத்தலைவனைப் பார்த்துச் செய்தவை. தலைவனின் சொற்களைத் தலைவனின் உடலும் ஊரின் ஆதரவும் இல்லாத ஓர் ஏழை எடுத்துப் பேசினால் என்ன நேரும் என்பதை வடிவேலு நடித்துக் காட்டினார். அடிபட்டு எழுந்த பின்னரும் அவர் தம் பேச்சைக் கைவிடுவதில்லை. அவ்விடத்தில் நகைப்பினூடே ஒரு வகைத் துணிவும் தெரிகிறது. என் கருத்தில், தலைவர்களின் முழக்கங்களைவிட இப்பாத்திரங்களே நெடுமொழியின் மனிதத்தன்மையைக் காத்துவந்தன. எனினும் படங்களின் தீர்ப்பு வேறு. வலிமையற்றவன் வாய் திறந்தால் அது நகைப்புக்குரியது என்பதையே அவை மீண்டும் மீண்டும் கற்பிக்கின்றன.

நீலாம்பரியின் குற்றம்

பெண் பேசும்போது நிலைமை மேலும் மாறுகிறது. 'பட்டிக்காடா பட்டணமா' (1972), 'மன்னன்' (1992), 'படையப்பா' (1999), 'திமிரு' (2006) என்னும் வரிசையில் தன் செல்வத்தையோ அறிவையோ விருப்பத்தையோ உரக்கச் சொல்லும் பெண் கதையின் முடிவில் பணிய வேண்டும், அன்றி அழிய வேண்டும். கே. எஸ். இரவிகுமார் இயக்கிய 'படையப்பா'வின் நீலாம்பரி தனித்து ஆராயத்தக்கவள். தலைவனும் அவளும் ஒரே வகைப் பேச்சைப் பேசுகின்றனர். இருவரும் எதிரியின் முகத்துக்கு நேரே பேசுகின்றனர். இருவரும் சொன்னதைச் செய்ய முயல்கின்றனர். ஆனால் அவனுடைய பேச்சு மிடுக்கு எனவும் அவளுடைய பேச்சு ஆணவம் எனவும் படம் பெயரிடுகிறது. மிகுந்த சினம் கொள்ளும் பெண் நன்றாக வாழ்ந்ததில்லை என்னும் அறிவுரையும் தலைவனின் வாய்மொழியாகவே வருகிறது.

உண்மையில் அப்படத்தில் வஞ்சினத்தின் இலக்கணத்தை நிறைவு செய்பவள் அவளே. தன் அவமானத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொள்கிறாள். இறுதியில் தோல்வியோடு உயிர் வாழ மறுக்கிறாள். தலைவன் எதையும் பணயம் வைக்கவில்லை. அவள் தன் வாழ்நாளையே வைத்தாள். வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னரும் நீலாம்பரி பேசப்படுவதற்கு இரம்யா கிருஷ்ணனின் நடிப்பு மட்டும் காரணமன்று. பார்வையாளர் தம்மை அறியாமலேயே அப்பணயத்தை மதிக்கின்றனர் என்று கொள்ள இடமுண்டு. சிலப்பதிகாரத்தில் ஒரு காதை முழுவதும் பெண்ணொருத்தியின் சூளுரைக்காக அமைந்தது. அதன் பெயரே வஞ்சினமாலை. அங்கே கண்ணகி தன் ஊரின் பத்தினிப் பெண்டிரைப் பெயர் குறியாது அவர்தம் செயல்களால் சுட்டி, தானும் அவ்வூரினள் என்று நிறுவியபின் தன் ஆற்றலை அரசி முன் அறிவிக்கிறாள். அதனைத் திமிர் என்று இளங்கோ கூறவில்லை. கண்ணகியைப் பாடமாக நடத்திவிட்டு, வகுப்பில் எதிர்த்துப் பேசும் மாணவியை வாயாடி என்று அழைப்பதில் உள்ள முரண் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

மெர்டேக்கா அரங்கில் அலி

திரையில் முடிவு முன்பே எழுதப்பட்டுள்ளது. விளையாட்டரங்கில் அவ்வாறில்லை. இவ்வேறுபாட்டினால்தான் விளையாட்டில் தற்புகழ்வோன் திரையில் இருப்பவனைவிட உண்மையானவனாகிறான்.

முகம்மது அலி 1975 ஜூலை 1ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரைச் சந்தித்தார். பதினைந்து சுற்றுகள் முழுமையாக நடந்தன. நடுவர்கள் ஒருமனதாக அலி வென்றதாகத் தீர்ப்பளித்தனர். போட்டி விறுவிறுப்பானதன்று. பக்னர் தற்காப்பிலேயே நின்றதாகப் பின்னர்ப் பெரிதும் குறை கூறப்பட்டார். எதிரியை வீழ்த்தும் சுற்றை முன்கூட்டியே அறிவிப்பதில் பெயர்பெற்றவர் அலி. 1962இல் ஆர்ச்சி மூரை நான்காம் சுற்றிலும், 1963இல் ஹென்றி கூப்பரை ஐந்தாம் சுற்றிலும் சொன்னவாறே வென்றார். ஆனால் அதே 1963இல் டக் ஜோன்ஸ் சொன்ன சுற்றில் வீழவில்லை. பத்துச் சுற்றுகளின் முடிவில் புள்ளிகளால்தான் அலி தப்பினார். சொல் பலிக்காமல் போனதும் உண்டு என்பதால்தான் பலித்தபோது அதற்கு மதிப்பு இருந்தது.

இந்தப் பேச்சுக்கலையின் ஒரு பகுதியை அவர் கார்ஜஸ் ஜார்ஜ் என்னும் தொழில்முறை மல்யுத்தக்காரரிடம் கற்றார். 1961இல் இலாஸ் வேகாசில் அவரைக் கண்ட அலி, வாயாடியின் தோல்வியைக் காண்பதற்காகவே மக்கள் காசு கொடுத்து அரங்கை நிறைப்பதை உணர்ந்தார். கைப்புள்ள அடிபடுவதை நாம் காத்திருந்து பார்ப்பதும் அம்மனநிலையே. வேறுபாடு என்னவெனில், 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டன் முன் நின்ற இளைஞர் அடிபடவில்லை. பந்தயக்காரர் கணக்கில் ஒன்றுக்கு ஏழு என்ற அளவில் அவர் தோற்பவராகவே கருதப்பட்டிருந்தார்.

நன்னூலின் நான்கு இடங்களை அலிக்குப் பொருத்திப் பார்க்கலாம். அவர் ஆற்றலை அறியாதவர் சூழ்ந்திருந்தனர். வெல்ல வேண்டிய அவையும் இருந்தது. அவரையும் அவர் இனத்தையும் பழித்த சமூகமும் இருந்தது. கறுப்பினத்தவன் அடங்கிப் பேச வேண்டும் என்று எதிர்பார்த்த நாட்டில், தான் அழகன், தான் பெரியவன் என்று ஒருவர் சொல்வது இனத்தின் சார்பில் சொல்லும் மறுமொழியாயிற்று. வியட்நாம் போருக்குச் செல்ல 1967இல் மறுத்தபோது பட்டத்தை இழந்தார். மூன்றரை ஆண்டுகள் போட்டியிட முடியாமல் இருந்தார். 1971இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கும்வரை சிறைத்தண்டனை தலைக்கு மேல் தொங்கியது. நெடுஞ்செழியன் பாடலில் உள்ள பணயத்துக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

ஆயினும் அலியை முழுமையாக ஏற்க இயலாத இடமும் ஒன்றுண்டு. கோலாலம்பூர்ப் போட்டிக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னர் மணிலாவில் ஜோ பிரேசியரைச் சந்திக்கும் முன், தம்மினத்தவரான அவரைக் குரங்கினத்தோடு ஒப்பிட்டு ஏளனம் செய்தார். பிரேசியர் அக்காயத்தைப் பல ஆண்டுகள் சுமந்தார். நன்னூல் அனுமதித்தது தன்னைப் புகழ்தலையே. பிறனை இழித்தல் அந்நான்கு இடங்களிலும் இல்லை. பரபரப்புக்காக அலியைக் கொண்டாடும் எழுத்துகள் இவ்வெல்லையை மறந்துவிடுகின்றன.

பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) வடசென்னைக் குத்துச்சண்டையை இப்பின்னணியில் அணுகிய படம். அதில் கபிலன் பெரிதாகப் பேசுபவன் அல்லன். பேச்சும் ஆட்டமும் எதிர்த்தரப்பின் டான்சிங் ரோசுக்கு உரியன. தலைவனிடம் அடக்கத்தையும் எதிரியிடம் ஆரவாரத்தையும் வைக்கும் பழைய வழக்கம் இங்கும் தொடர்கிறது. எனினும் டான்சிங் ரோஸ் கேலிப்பொருளாக்கப்படவில்லை என்பதே இப்படத்தின் சிறப்பு. அவன் திறமை உண்மையானது. அவன் தோல்வியும் கண்ணியமாகவே காட்டப்படுகிறது.

அடக்கம் என்னும் எதிர்பார்ப்பு

மலேசியத் தமிழ் விளையாட்டாளர் நம் நினைவில் வேறு வகையில் பதிந்துள்ளனர். மணி ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடி நிறுவிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. மருத்துவரானதால் அவர் பறக்கும் மருத்துவர் என அழைக்கப்பட்டார். காற்பந்துக் காவலர் ஆறுமுகத்தை மக்கள் ஸ்பைடர்மேன் என்றனர். இரண்டுமே பிறர் வழங்கிய பட்டங்கள். சிறுபான்மை இனத்து விளையாட்டாளர் ஒருவரின் பெருமையைப் பிறர் பேசும்போது அது நாட்டின் பெருமையாக ஏற்கப்படுகிறது. அவரே பேசினால் என்னாகும் என்பது சோதிக்கப்படாமலேயே இருந்துவிட்டது.

அதனைச் சோதித்தவர்கள் இசைத்துறையினர். 2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு வெளிவந்தது. தன் திறமையைத் தானே அறிவிப்பது ராப் இசையின் அடிப்படை மரபு. இதனை அமெரிக்க இறக்குமதி என்று கண்டித்தோர் உண்டு. வடிவம் இறக்குமதியே. ஆனால் அது பேசிய இடத்தைக் கருத வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளின் அடுக்குகளைச் சென்னை வெளியீடுகளே நிறைத்திருந்த காலம் அது. உள்ளூர்க் கலைஞர் இரண்டாந்தரமாகவே மதிக்கப்பட்டனர். தன் ஆற்றலை அறியாதவரிடையில் தன்னைப் புகழ்தல் தகும் என்னும் விதிக்கு இதனினும் பொருத்தமான சூழல் அரிது. அடுத்த ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரலைச் சென்னை பயன்படுத்திக்கொண்டது.

'கபாலி' (2016) மலேசியத் தமிழரைக் களமாகக் கொண்டது. பழைய படங்களில் கபாலி என்னும் பெயர் எடுபிடி அடியாளுக்கு வைக்கப்பட்டதை நினைவூட்டி, தான் அவனல்லன் என்று தலைவன் அறிவிக்கும் பேச்சு, பழித்த காலத்தில் தன்னைப் புகழும் நான்காம் இடத்தைச் சார்ந்தது. கோட்டு அணிவதும் கால்மேல் கால் போட்டு அமர்வதும் அப்படத்தில் அப்பேச்சின் தொடர்ச்சியே. ஆனால் மலேசியாவில் திரையிடப்பட்ட பதிப்பின் முடிவில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாகச் செய்தி சேர்க்கப்பட்டது. குண்டர் கும்பல் பற்றிய கவலை நியாயமானதே. ஆயினும் உரக்கப் பேசும் தமிழன் இறுதியில் சரணடைந்தாக வேண்டும் என்ற தோற்றத்தையும் அச்செய்தி தந்தது.

சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) இதனினும் கூர்மையான கேள்வியை எழுப்புகிறது. 1990களின் தொடக்கத்தில் தோட்டத்திலிருந்து புறம்போக்குக் குடியிருப்புக்குப் பெயர்ந்த குடும்பத்தின் சிறுவன் அப்போய். சுட்டித்தனமும் கற்பனையும் உடையவன். பள்ளியும் வீடும் அவன் வாயை அடக்க முயல்கின்றன. அவனை அடக்க முயலாமல் ஈர்ப்பது குண்டர் உலகம் ஒன்றே. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக விருது பெற்ற இப்படைப்பு நம் ஆசிரியர் கூடங்களில் போதிய அளவு விவாதிக்கப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

வகுப்பறை

திரையின் இரு கூறுகள் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டன. உரக்கப் பேசும் மாணவனை நாம் வருங்கால அடியாளாகவோ வகுப்புக் கோமாளியாகவோ காண்கிறோம். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால், எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்று எழுதுபவனுக்கு நன்மதிப்பும், எங்கள் வட்டாரத்தில் என்னைப்போல் பந்தாடுபவன் இல்லை என்று எழுதுபவனுக்குச் சிவப்பு மைக்குறிப்பும் கிடைப்பதை நான் பல விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன். முன்னவன் எழுதியது பெரும்பாலும் மனப்பாடம். பின்னவனிடம் கேட்க வேண்டியவை நன்னூல் கேட்ட வினாக்களே. யார் முன் இதைச் சொல்கிறாய்? யார் உன்னைப் பழித்தார்? சொன்னபடி ஆடாவிட்டால் எதை இழக்கச் சித்தமாக இருக்கிறாய்? இவ்வினாக்களோடு புறநானூற்று 72ஆம் பாடலையும் 'வல்லவன்' தொகுப்பின் ஒரு பாடலையும் அருகருகே வைத்து நடத்துவது இடைநிலைப்பள்ளித் தமிழ் இலக்கிய வகுப்பில் இயலக்கூடியதே.

72ஆம் பாடலை நடத்தும்போது ஒரு செய்தியை விட்டுவிடலாகாது. பகைவர் நெடுஞ்செழியனை எள்ளியது அவன் இளையன் என்பதற்காகவே. இடைக்குன்றூர் கிழார் பாடிய 77ஆம் பாடலின்படி, அவன் கிண்கிணி களைந்து அண்மைக்காலமே ஆகியிருந்தது. சிறார் அணியும் ஐம்படைத்தாலி அப்போதும் அவன் கழுத்தில் இருந்தது.